3,12,000 கி.மீ. ஓடிய ஃபார்ச்சூனர்: ஒரு ‘டக்’ சத்தத்துக்கு ஒன்றரை லட்சமா?

பேஸ்மென்ட்_மெக்கானிக் (பானசவாடி)

வணக்கம். இரண்டு வருடமாக ஓரத்தில் உட்கார்ந்து எல்லாருடைய பதிவுகளையும் படித்துக்கொண்டிருந்தவன், இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

வண்டி 2010 ஃபார்ச்சூனர். மூன்று லிட்டர் டீசல், மேனுவல் கியர், நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகும் வகை. அப்பா புதிதாக வாங்கியது. பிடதியில் பிறந்து, பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையிலேயே ஆயுளைக் கழித்த வண்டி. அப்பா போன வருடம் காலமானார். சாவி என் கைக்கு வந்தது. மீட்டரில் 3,12,000.

பிரச்சினை இதுதான். சிக்னலில் நின்று கிளம்பும்போது அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி நின்ற மறுகணம் இன்னொரு ‘டக்’. யாரோ மரச் சுத்தியலால் தரைத்தகட்டைத் தட்டுவது போல இருக்கும். ஒரு பணிமனையில் காட்டினேன். பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைக் கழற்றிப் பல்சக்கரம் மாற்ற வேண்டும் என்று 1,48,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் கியர்பாக்ஸ் மவுண்டிங் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி சார், சத்தம் வரத்தான் செய்யும்” என்றார்கள்.

கையில் அறுபதாயிரம் வரை ஒதுக்கியிருக்கிறேன். மனதில் ஒரு பட்டியலும் இருக்கிறது: எல்.இ.டி. முகப்பு விளக்கு, கொஞ்சம் உயரமான டயர், தொடுதிரை, கூரைக் கேரியர். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். ஸ்கூட்டருக்கு எல்லா வேலையும் நானேதான் செய்கிறேன். ஆனால் அடுக்குமாடி பேஸ்மென்டில் பழுது பார்க்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

ஓசூர்ரோடு

விற்றுவிடுங்கள். பதினைந்து வருடம் முடிந்த டீசல் வண்டிக்குச் செலவு செய்வது, வாடகை வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுவதற்குச் சமம்.

கோலார்_ஃபிட்டர் (கே.ஆர். புரம்)

தம்பி, விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். டிஃபரென்ஷியலில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல். கியர்பாக்ஸ் பக்கமிருந்து சக்கர அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது அடியில் ஓடும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் போட்டது?

பேஸ்மென்ட்_மெக்கானிக்

ஐயா, அதற்குக் கிரீஸ் போட வேண்டும் என்பதே இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது.

கோலார்_ஃபிட்டர்

நினைத்தேன். நான் கே.ஜி.எஃப்.பில் பெரிய மண்வாரி வண்டிகளுக்கு நடுவே முப்பது வருடம் கழித்தவன். எந்திரம் சின்னதானாலும் பெரியதானாலும் எண்ணெய்க்குழி இல்லாத மூட்டு முதலில் அழும்.

உன் வண்டியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு ஷாஃப்ட் இருக்கின்றன. இரண்டு முனையிலும், ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுழல விடும் சிலுவை வடிவக் கிராஸ் மூட்டு இருக்கும். நடுவே ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நழுவும் இடம் உண்டு. வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் அச்சு கொஞ்சம் உருண்டு எழும். அதற்கேற்ப ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய வேண்டும். அந்த நழுவும் பற்களில் கிரீஸ் காய்ந்துவிட்டால் அது உடனே நழுவாது. பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு சட்டென்று விடும். நீ கேட்கிற ‘டக்’ அதுவாக இருக்கலாம்.

அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார். கிராஸ் ஒவ்வொன்றிலும் கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்கு, அதாவது நிப்பிள், ஒன்று; நழுவும் இடத்தில் ஒரு நிப்பிள். துணியால் துடைத்துவிட்டு கிரீஸ் கன் வை. கிராஸ் மூட்டில் பழைய கிரீஸ் நான்கு மூடி ஓரத்திலும் பிதுங்கி வரும்வரை அடி. நழுவும் மூட்டில் மட்டும் இரண்டு மூன்று அழுத்தோடு நிறுத்திவிடு. அங்கே நிறைய அடித்தால் உள்ளே அடைபட்ட கிரீஸ் ஷாஃப்டையே நீட்டித் தள்ளும். ஆயில் சீலுக்குக் கேடு.

அதற்கு முன் கிராஸைக் கையால் பிடித்து ஆட்டிப் பார். அதில் ஆட்டம் இருந்தால் கிரீஸ் காப்பாற்றாது. கிராஸை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. இந்த வண்டியின் உயரத்துக்குத் தூக்காமலேயே நுழையலாம். தூக்கினால் ஸ்டாண்டு வைத்துத்தான் நுழைய வேண்டும். இதில் என்னிடம் சமரசம் கிடையாது.

மழைக்கோட்டு (ஜாலஹள்ளி)

ஐயா சொன்னதோடு ஒரு நடைமுறைக் குறிப்பு. பேஸ்மென்டில் தகராறு வேண்டாம். நான் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தெரிந்த ஒரு தண்ணீர் லாரி ஷெட்டில் இடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வாடகை இரண்டு காபியும் மசால் தோசையும். என்னுடையது 2008 ஸ்கார்பியோ, 2,40,000 கி.மீ. பெண்ணொருத்தி வண்டிக்கு அடியில் படுத்திருப்பதை முதல் மூன்று வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது அவர்களுடைய லாரியின் சத்தத்தை என்னிடம் கேட்க வருகிறார்கள்.

கிரீஸ் கன் ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நுனிக்கு வளையும் ஹோஸ் வைத்ததாக வாங்குங்கள். நேர்க்குழாய் வைத்ததை வாங்கினால் பாதி நிப்பிளுக்கு எட்டாமல் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எட்டாவதுகியர்

சத்தமெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அண்ணா, விளக்குக்கு 130 வாட் எல்.இ.டி. போடுங்கள், இரவு பகலாகிவிடும். முன்னால் ஒரு இரும்பு பம்பர் வைத்தால் வண்டியின் முகமே மாறிவிடும்.

மழைக்கோட்டு

தம்பி, எதிரே வருகிறவருக்கும் இரவு பகலாகிவிடும், அதுதான் தொல்லை. ஹாலஜன் பல்புக்காக வடித்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி சேர வேண்டிய இடத்தில் சேராமல் சிதறும். கண் கூசும் விளக்குகளுக்குக் கர்நாடகப் போலீசார் 2024-இல் வழக்குப் போடத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். இரும்பு பம்பர் கூடாதென்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை மடங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதிக்கு முன்னால் மடங்காத குழாயை வைத்தால், அடி நேராகச் சட்டகத்துக்குப் போகும்.

முகப்பு விளக்கு மங்கலாக இருந்தால் முதலில் அதன் வெளி மூடியைப் பாருங்கள். பதினைந்து வருட வெயிலில் பாலிகார்பனேட் மஞ்சளித்திருக்கும். 800, 1500, 2000, 3000 என வரிசையாகத் தண்ணீர்த்தாள் தேய்த்து, மெருகேற்றி, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு அடித்தால் பழைய பல்பே வேறு மாதிரி எரியும். தெளிபூச்சை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி மஞ்சள். எனக்கு ஒரு மதியம் ஆனது, கொஞ்சம் தோள்வலியும்.

பேஸ்மென்ட்_மெக்கானிக்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜே.சி. ரோடு போனேன். கிரீஸ் கன், அரை கிலோ லித்தியம் கிரீஸ், ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கினேன். மைத்துனரின் ஹொரமாவு காலிமனையில் வண்டியை நிறுத்தி அடியில் நுழைந்தேன். முதல் நிப்பிளைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். சேறு ஓடு மாதிரி காய்ந்திருந்தது. கிராஸ்களில் ஆட்டம் இல்லை. பின் ஷாஃப்டின் நழுவும் மூட்டில் ஒரு நிப்பிள் அடைத்துப்போய் கிரீஸை வாங்கவே இல்லை. அதைக் கழற்றிப் புதியது போட்டேன், இருபது ரூபாய். மூன்று அழுத்து. துடைத்தேன். ஹென்னூர் வரை போய்த் திரும்பினேன்.

சத்தம் இல்லை.

கல்யாண் நகர் சிக்னலில் வேண்டுமென்றே நான்கு முறை நின்று கிளம்பினேன். பின்னால் இருந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. 1,48,000 ரூபாய்க்குப் பதிலாக, கருவிகளையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இனி டயருக்குப் போகலாம் அல்லவா? இப்போதிருப்பது 265/65 ஆர்17. 265/70 போட்டால் நன்றாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள்.

கோலார்_ஃபிட்டர்

நன்றி இருக்கட்டும். சத்தம் போட்டது உன்னைக் கொல்லாது, தம்பி. அப்பாவின் பில்களை எடுத்துப் பார். வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?

தில்லிப்பதிவெண் (வைட்ஃபீல்டு)

டயர்க் கணக்கை நான் சொல்கிறேன். பக்கச் சுவரின் உயரத்தை அகலத்தின் சதவீதமாகச் சொல்லும் எண் 65-இலிருந்து 70-க்குப் போனால் சக்கரத்தின் விட்டம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கூடும். 776 மில்லிமீட்டர் 803 ஆகும். ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம் அதிகத் தூரம். மீட்டர் நூறு காட்டும்போது நீங்கள் நூற்றுமூன்றில் போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். நகரத்தில் ஓட்ட எதற்கு? அளவை விட டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டால் மழையில் பிடிக்காது.

என் பெயரைப் பார்த்து யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நான் தில்லியில் பதிவான வண்டியை வாங்கி ஏமாந்தவன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைத் தலைநகர வட்டாரத்தில் ஓடக் கூடாது என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அங்கிருந்து நல்ல நல்ல வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. விலையைப் பார்த்து மயங்கினேன். ஆட்சேபமின்மைச் சான்றிதழுக்கும் கர்நாடகச் சாலை வரிக்கும் அலைந்து முடித்தபோது, இங்கேயே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் விலையைத் தாண்டிவிட்டது.

பேஸ்மென்ட்_மெக்கானிக்

ஐயா, அப்பாவின் கோப்பைத் துழாவினேன். டைமிங் பெல்ட் மாற்றியது 1,51,000 கி.மீ.யில், 2016-இல். அதற்குப் பிறகு எந்த பில்லிலும் இல்லை.

கோலார்_ஃபிட்டர்

அப்படியானால் அந்த பெல்ட் 1,61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பத்து வருடத்தை நெருங்குகிறது. கையேட்டில் எழுதியிருக்கும் எல்லையை எடுத்துப் பார். நீ அதைத் தாண்டிவிட்டாய்.

வண்டியை எடுக்காதே. பால் வாங்கக்கூட எடுக்காதே.

இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு அப்படியே திறந்தபடி நிற்கும், பிஸ்டன் மேலேறி அதை இடிக்கும். அது சத்தம் போட்டு எச்சரிக்காது. ஒரு நொடிக்கு முன்னால் வரை வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

ஓசூர்ரோடு

நான் முதலிலேயே சொன்னேன், விற்றுவிடுங்கள் என்று. ஆனால் பெல்ட் மாற்றாமல் யாருக்கும் விற்காதீர்கள். அந்த அளவுக்கு நான் மோசமானவன் அல்ல.

மழைக்கோட்டு

பெல்ட், அதைத் தாங்கும் உருளையான ஐட்லர், இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய தாங்கியை விட்டால், புது வேட்டிக்குக் கிழிந்த இடுப்புக்கயிறு கட்டியது போல. முத்திரை உடைக்காத அசல் பெட்டியாகக் கேளுங்கள், பில் வாங்குங்கள். ஜே.சி. ரோட்டில் அசலும் கிடைக்கும், அசலைப் போலவே அச்சடித்த பெட்டியும் கிடைக்கும்.

இதை நீங்களே செய்யலாமா என்றால், முதல் தடவை வேண்டாம் என்பேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரை ஹொரமாவு மனைக்கே வரச்சொல்லி, பக்கத்தில் நின்று, பல்சக்கரங்கள் நேர் நிற்க வேண்டிய ஒவ்வொரு குறியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: பெல்ட் பூட்டியதும் சாவியைத் திருகக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். குறிகள் மறுபடி நேரே வந்து நின்ற பிறகுதான் சாவி.

தில்லிப்பதிவெண்

வண்டி அசையாமல் நிற்கிற நேரத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். இதே குடும்பத்து இன்ஜின்களில், ஓட்டம் ஏற ஏற டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் காப்பர் வாஷர் இறுக்கம் இழப்பதுண்டு. எரிந்த வாயு கசிந்து இன்ஜின் ஆயிலோடு கலந்து கரியாகும். அந்தக் கரி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில், ஆயில் உறிஞ்சும் வலையில் போய்ப் படியும். வலை அடைத்தால் ஆயில் அழுத்தம் போய்விடும்; அப்புறம் டர்போவும் பேரிங்கும்.

ஆயில் மாற்றும்போது, எல்லா ஆயிலும் வடிந்த பிறகு, டிரெயின் பிளக் ஓட்டை வழியாகப் போனில் மாட்டும் குழாய்க் கேமராவை விட்டால் அந்த வலை தெரியும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க் கேமரா போதும். வலைக்கண் தெரிந்தால் நிம்மதி. கறுப்புப் பிசின் தெரிந்தால் சம்பைக் கழற்றத்தான் வேண்டும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் நான்கு இன்ஜெக்டரின் ஈடுகட்டு மதிப்பையும், அதாவது ஒவ்வொன்றுக்கும் கணினி டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதையும் பாருங்கள். இன்ஜின் சூடான பின், நிற்கும் வேகத்தில், கூட்டலோ கழித்தலோ மூன்றுக்குள் இருந்தால் கவலை இல்லை.

இன்ஜெக்டரில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம். அந்தக் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். இன்ஜின் ஓடும்போது கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு; ஊசி போலத் தோலுக்குள் டீசல் ஏறி விரலை இழந்தவர்களும் உண்டு.

எட்டாவதுகியர்

நான் தொடுதிரை பற்றிக் கேட்க வந்தேன். பயந்துவிட்டேன். என் வண்டியின் டைமிங் பெல்ட்டையும் பார்க்கப் போகிறேன்.

பேஸ்மென்ட்_மெக்கானிக்

பதினெட்டு நாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

பெல்ட் மாற்றியாகிவிட்டது. பழையதைக் கையில் எடுத்து முதுகுப்புறமாக வளைத்தபோது பல்லின் அடியில் கோடு கோடாக வெடிப்பு. ஒரு இடத்தில் ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தது. இந்த வண்டியில் போன தீபாவளிக்கு மனைவி, இரண்டு குழந்தைகள், மாமியார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சேலம் போய் வந்திருக்கிறேன். அந்த பெல்ட்டை மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பில் கோப்பில் அப்பா ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் தன் கையெழுத்தில் கிலோமீட்டரோடு குறித்து வைத்திருக்கிறார். 2021-க்குப் பிறகு குறிப்பு இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போன வருடம் அது.

வலையைக் கேமரா விட்டுப் பார்த்தோம். ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு, நடுவில் கண் தெளிவாகத் தெரிகிறது. இன்ஜெக்டர் மதிப்புகளில் மூன்று நன்றாக இருக்கின்றன, நான்காவது 2.4. வாஷர்களை அடுத்த மாதம் வெளியில் கொடுத்து மாற்றப்போகிறேன். இன்ஜின் ஆயில் நானே மாற்றினேன். ஏறத்தாழ ஏழு லிட்டர். பழைய ஆயிலைக் கேனில் அடைத்துப் பக்கத்துப் பணிமனையின் பீப்பாயில் சேர்த்தேன். சாக்கடையில் ஊற்றிவிடுங்கள் என்று மனைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். ஏரி நுரைத்துத் தீயும் பிடித்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிறார்.

அறுபதாயிரத்தில் மிச்சம் பதினோராயிரம். கூரைக் கேரியரை மறந்தே போனேன்.

கோலார்_ஃபிட்டர்

பிரேக் ஆயில்?

பேஸ்மென்ட்_மெக்கானிக்

அது டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கிறது, ஐயா.

கோலார்_ஃபிட்டர்

மாற்று. சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறங்குகிறாய் அல்லவா? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140-இலேயே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி, காலடியில் பஞ்சு. ஏற்றத்தில் இது தெரியாது. இறக்கத்தில், சுமையோடு, ஏழு பேர் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியும். கையேட்டில் சொன்ன வகையையே வாங்கு. மிதிக்க ஒருவர், திருக ஒருவர். மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பா வற்றவே கூடாது, வற்றினால் காற்று புகுந்துவிடும்.

மிச்சப் பணத்தில் கியர்பாக்ஸ், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரென்ஷியல், நான்கிலும் ஆயில் மாற்று. ஊற்றும் திருகை முதலில் திற, வடிக்கும் திருகை அப்புறம் திற. தலைகீழாகச் செய்து, வடித்துவிட்டு, மேல் திருகு அசையாமல் போய் வண்டியை லாரியில் ஏற்றிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் தேய்மானம், இயல்பு. தகடு தகடாக இரும்பு இருந்தால் எனக்குப் படம் அனுப்பு.

ஓசூர்ரோடு

பதிவுச் சான்றிதழ் புதுப்பித்தாயிற்றா? பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணத்தையே ஐயாயிரமாக்கினார்கள். பசுமை வரி தனி. இவ்வளவு உழைத்துவிட்டு வழியில் மடக்கப்பட்டால் எனக்கே வருத்தமாக இருக்கும்.

பேஸ்மென்ட்_மெக்கானிக்

புதுப்பித்தாயிற்று, ஐந்து வருடத்துக்கு. தகுதிச் சோதனைக்குப் போனபோது ஆய்வாளர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “கிரீஸ் போட்டிருக்கிறீர்களே” என்றார். பள்ளியில் கணக்குக்கு நூறு வாங்கியபோதுகூட நான் இப்படிச் சிரித்ததில்லை.

நான்கு ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றியாகிவிட்டது. காந்தத்தில் பசை மட்டும்தான். ஆனால் இன்று காலை தரையில் ஒரு சொட்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமாக.

கோலார்_ஃபிட்டர்

என்ன நிறம்? இன்று இரவு அடியில் ஒரு வெள்ளை அட்டை விரித்து வை. சக்கரம் இருக்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொள். சொட்டு எங்கே விழுகிறது என்று காலையில் தெரியும்.

பேஸ்மென்ட்_மெக்கானிக்

விரித்துவிட்டேன், ஐயா. சங்கத்துச் செயலாளர் கேட்டார். பூனைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.